கழுதை கரையேறிய பிறகு

மார்ச் 4

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் வீட்டுக்காரியும் முழங்கால் வலியைத் தவிர வேறு சொத்துச் சேர்க்காமல் சுகமாக இருக்கிறோம். நீயும் தங்கச்சியும் எப்படி? உன் சர்க்கரை அடங்கியிருக்கிறதா, இல்லை கடையில் உட்கார்ந்து திருட்டுத்தனமாக மிட்டாய் மெல்கிறாயா? நாலு பேர் முன்னால் தங்கை புருஷன் என்று உன்னை "வாங்க, போங்க" என்பேன். கடிதத்தில் பழைய முகாம் மரியாதைதான், பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். பட்டாளத்தில் நாம் இருந்த பாலக் கம்பெனியின் பழைய ஆட்களை ஆகஸ்ட்டில் ஒரே இடத்தில் கூட்டப்போகிறார்கள். மேஜர் இன்னும் உயிரோடு, மீசையோடு இருக்கிறாராம். ஆற்றைக் கடந்த கதையை ஆணிதான் மேடையில் சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லியனுப்பியிருக்கிறார். என் பட்டப்பெயர்கூட அவருக்கு மறக்கவில்லை, பார்த்தாயா! பலகை இறுக்கியவன் ஆணி என்றால், மிதவைகளைக் கட்டி இழுத்தவன் கயிறு. ஆகவே கயிறு நீயும் என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நேற்று ஒத்திகை பார்த்தேன். சுழித்து ஓடுகிற ஆறு. அக்கரையில் அடிபட்டுக் கிடக்கிற நம் ஆட்கள். பனி கலைவதற்குள் பாலம் கட்டியாக வேண்டும், இருமக்கூட உத்தரவில்லை. சார்ஜண்ட் நம்மைத் திட்டுவதற்கே ஒவ்வொருவர் காதோரமாக வந்து குசுகுசுவென்று திட்டினாரே! பாலம் முடிந்தது என்று மூச்சுவிட்டால், மருந்துப் பெட்டி சுமந்து வந்த கோவேறு கழுதை நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டது. தள்ளினோம், இழுத்தோம், காலில் விழாத குறையாகக் கெஞ்சினோம். கடைசியில் நீ ஒரு பிஸ்கட்டை அதன் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கரை சேர்த்தாய். மேஜர் அதற்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "என் பேச்சைக் கேக்காம இருக்கத் தைரியம் உள்ள ஒரே ஆள் இவன்தான்யா!"

இந்த இடத்தில் உன் மகன் வாண்டு சின்ன வயதில் தலையணை மேலிருந்து குதிப்பானே, ஞாபகம் இருக்கிறதா? தலையணைதான் கழுதை. நீதான் பிஸ்கட். அந்த வாண்டு இன்று நம் கம்பெனியிலேயே தோளில் கோடு வாங்கி நிற்கிறான். என் மருமகப்பிள்ளை சீருடையில் வந்து நம் இருவர் நடுவில் நிற்க வேண்டும். ஒரே வீட்டில் மூன்று பாலக்காரர்கள். மேஜர் மீசை நனைந்துவிடும். அவனை இப்போதே லீவு சொல்லி வைக்கச் சொல்.

தங்கச்சியின் தையல் மிஷினையும் விசாரித்ததாகச் சொல்.

உன் மச்சான்,
ஆணி


மார்ச் 27

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் இருக்கிறோம். சர்க்கரை பரவாயில்லை. அக்காவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் உங்கள் தங்கை.

கடையில் இப்போது வேலை அதிகம். மழைக்கு முன்னால் எல்லோரும் பெயின்ட் வாங்குகிறார்கள். கணக்குப்பிள்ளை நின்றுவிட்டதால் நானே சாமான் எடுத்துக் கொடுத்து நானே பில் போடுகிறேன். ஆகஸ்ட்டில் வர முடியுமா என்று இப்போது சொல்வதற்கில்லை.

வாண்டு நலம். லீவு கிடைப்பது கஷ்டம் என்று நினைக்கிறேன். நீங்கள் மேஜரிடம் அவனைப் பற்றி எதுவும் சொல்லி வைக்க வேண்டாம்.

தையல் மிஷின் ஓடவில்லை. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பதை உங்கள் தங்கை நிறுத்திவிட்டாள். கண் வலி என்கிறாள்.

பிஸ்கட் அல்ல, வெல்லக்கட்டி. பிஸ்கட் ஏற்கெனவே நனைந்துவிட்டிருந்தது.

வணக்கத்துடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 15

அன்பு மாப்பிள்ளைக்கு,

வெல்லக்கட்டி! இதற்குத்தானய்யா நீ வேண்டும் என்கிறேன். உடனே பேச்சில் மாற்றிவிட்டேன். உடம்பெல்லாம் சுகந்தானே? உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது.

தங்கச்சிக்குக் கண்ணில் என்ன? கண் டாக்டரிடம் காட்டினாயா? மிஷின் ஓடவில்லையா, அவள் ஓட்டவில்லையா? இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து உன் கடிதத்தின் அடியில் அவள் எனக்கு இரண்டு வரி எழுதாமல் இருந்ததில்லை. என்னைத் திட்டியாவது எழுதுவாள். இந்தத் தடவை காணோம். என் மேல் கோபமா?

வாண்டுக்கு நேராகவே முகாமுக்கு எழுதிவிட்டேன். மேடையில் அவன் பேர் சொல்லி நான் என்னென்ன பேசப்போகிறேன் என்று நாலு பக்கம். அவன் கைதட்டாமல் இருந்தால் தோளில் இருக்கிற கோட்டைப் பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. முன்பெல்லாம் பயல் மாமாவுக்கு ஒரு வாரத்தில் எழுதிவிடுவான். வேலை மும்முரம் போலிருக்கிறது. போன மழையில் வெள்ளத்தில் மாட்டிய ஜனங்களுக்காக அவர்கள் கம்பெனி பாலம் போட்டதாகப் பேப்பரில் படித்தேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பேப்பரை மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

கடையை இரண்டு நாள் பூட்டினால் உலகம் பெயின்ட் இல்லாமல் செத்துவிடாது. வந்து சேர்.

மச்சான்


ஜூன் 9

மச்சானுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

முகாமுக்கு இனி எழுத வேண்டாம். நீங்கள் எழுதியது சுற்றிக்கொண்டு இங்கே வீட்டுக்கு வந்தது.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளக் கூடாது. இனி எங்களுக்கு எழுதும்போது பாலத்தைப் பற்றியும் கழுதையைப் பற்றியும் எழுதாதீர்கள். வேறு எதுவும் எழுதலாம்.

ஆகஸ்ட்டில் நான் வரவில்லை.

மாப்பிள்ளை


ஜூன் 16

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரித்துவிட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் என்ன தப்பு செய்தேன்? மேடையில் என்னை மட்டும் கூப்பிட்டார்கள் என்று மனதில் வைத்திருக்கிறாயா? அப்படியென்றால் நீயே பேசு. நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். அந்த ஆற்றில் நீ செய்ததில் பாதிகூட நான் செய்யவில்லை என்று யாரிடமும் சொல்வேன். என் தங்கைக்கு உன்னைப் பேசி முடித்ததே அதனால்தானே.

கிழவனாகி, வேலை போய், பல் போய், கையில் மிச்சமிருப்பது அந்த ஒரு கதை. அதையும் எழுதாதே என்கிறாய். போனில் பேசித் தீர்க்கலாமென்றால் என் காது உதவாது என்று உனக்கே தெரியும்.

முகாமுக்கு எழுதியது ஏன் வீட்டுக்கு வந்தது? வாண்டு எங்கே? அதற்கு மட்டும் பதில் எழுது. மற்றதற்கு எழுதாவிட்டாலும் போகிறது.

ஆணி


ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். அவர் பதில் எழுதுவார் என்று பார்த்தேன். உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் நடக்கிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

வாண்டு இங்கேதான் இருக்கிறான். பிப்ரவரியிலிருந்து இருக்கிறான். பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு. முகாமிலிருந்து ஒரு பையன் கூட வந்து விட்டுவிட்டுப் போனான். உடம்பில் ஒரு கீறல் இல்லை அண்ணா. இருந்திருந்தால் மருந்து போட்டிருப்பேன்.

நீங்கள் பேப்பரில் படித்த அந்த வெள்ளம்தான். மிதவை ஒன்று கவிழ்ந்திருக்கிறது. இவனும் இவன் கூட்டாளியும். ஒரே தட்டில் சாப்பிடுவார்களாம், கூட வந்த பையன் சொன்னான். கயிற்றின் ஒரு முனை இவன் கையில், மறுமுனையில் அவன். அதற்கு மேல் அந்தப் பையனும் சொல்லவில்லை, எழுந்து முகம் கழுவப் போய்விட்டான்.

வாண்டு பேசுவதில்லை. கேட்டால் "ம்". தட்டு வைத்தால் சாப்பிடுகிறான். நான் மிஷினில் உட்கார்ந்து இரண்டு அடி ஓட்டியதும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான். அன்றைக்கே மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டேன். கண் வலி எல்லாம் இல்லை. இப்போது பட்டன் மட்டும் கையால் தைத்துக் கொடுக்கிறேன்.

உங்கள் முதல் கடிதத்தை அவர் வழக்கம்போல சத்தம் போட்டுப் படித்தார். கழுதைக் கதை அவனைக் கொஞ்சம் சிரிக்க வைக்கும் என்று நினைத்தார். படித்து முடித்ததும் அவனாகவே வெளியில் வந்தான். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக முழுசாகப் பேசினான்.

"அம்மா, மாமா கதையில எல்லாரும் கரையேறிட்டாங்கல்ல?"

"ஆமாடா கண்ணு."

"அப்போ நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அண்ணா, நீங்கள் இருவரும் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படியில் இருந்தேன். நீங்கள் சிரிப்பீர்கள், பிள்ளை சிரிப்பான், நானும் சிரிப்பேன். ஆனால் கல்யாணமான புதிதில் இவர் தூக்கத்தில் அலறி எழுந்திருப்பார். இரண்டு உள்ளங்கையையும் என் முன்னால் விரித்துக் காட்டி, "வழுக்குது, வழுக்குது" என்பார். அந்தக் கைகளை என் கைக்குள் வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கையில் இருக்கிற தழும்பு எப்படி வந்தது என்று வாண்டு சின்ன வயதில் கேட்டான். "கழுதை இழுத்துடுச்சு" என்றார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். உங்கள் காதும் அங்கேதான் போனது. அதற்கும் ஏதோ ஒரு வேடிக்கைதான் சொன்னீர்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. குழந்தையிடம் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அவன் குழந்தையாகவே இருக்கவில்லையே அண்ணா. உங்கள் கதையைக் கேட்டுக் கேட்டுத்தானே அந்தச் சீருடையைப் போட்டான்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதிவிட்டேன். அண்ணியிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கை


ஜூலை 8

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் அண்ணி படித்துவிட்டு அழுகிறாள். நான் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

இத்துடன் வாண்டுக்கு ஒரு உறை வைத்திருக்கிறேன். உன் புருஷனிடம் முதலில் காட்டு. அவன் சரி என்றால் மட்டும் பிள்ளையிடம் கொடு. அது உன் புருஷன் கதை. அவனைக் கேட்காமல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

அண்ணன்


ஜூலை 8

அன்பு மருமகப்பிள்ளைக்கு,

சாப்பிடுகிறாய் என்று அம்மா எழுதியிருக்கிறாள். அது போதும் இப்போதைக்கு.

கழுதை கரையேறியதோடு நான் கதையை நிறுத்திவிடுவேன். மேஜர் சல்யூட் வைப்பார், நீ கைதட்டுவாய், அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள். அதற்கு அப்புறமும் அந்த நாள் முடியவில்லை. மீதியைச் சொல்கிறேன்.

அடிபட்டவர்களை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு இக்கரைக்கு வந்தோம். எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அது பொய்யில்லை. அவர்களில் ஒருவர் பின்னால் பள்ளிக்கூட வாத்தியாராகி எனக்குப் பல வருஷம் எழுதிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். நீங்கள் பாலம் போட்டதால் கரையேறிய ஜனங்களும் எங்கேயோ இன்று அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு பனி விலகியது. நாங்கள் இன்னும் மிதவைகளின் மேல்தான் இருந்தோம். எதிரியின் குண்டு நடுவில் விழுந்தது. என் காதில் கடைசியாக ஒழுங்காக விழுந்த சத்தம் அது. நான் கரையில் வந்து விழுந்தேன். பாட்டுக்காரன் ஆற்றில் விழுந்தான்.

பாட்டுக்காரன் என்று ஒருவன் எங்களோடு இருந்ததையே நான் உனக்குச் சொன்னதில்லை. சுருதி சேராமல் பாடுவான். அவன் பாட ஆரம்பித்தால் உன் அப்பா பூட்ஸைக் கழற்றி எறிவார். பாடி முடித்ததும் அவனே அந்த பூட்ஸைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுப்பான். உன் அப்பாவுக்கு என்னைவிட அவனைத்தான் பிடிக்கும்.

உன் அப்பா கயிற்றை வீசினார். அவன் பிடித்தான். வெள்ளம் அவனை இழுத்தது, அவன் கயிற்றை இழுத்தான், கயிறு உன் அப்பாவை இழுத்தது. நான் தவழ்ந்து போய் அவர் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு எழுந்து நிற்க முடியவில்லை. கயிறு அவர் கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அவர் விடவில்லை. இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டார். அப்போது பாட்டுக்காரன் எங்களைப் பார்த்தான். என்னவோ சொன்னான், என் காதில் விழவில்லை. சொல்லிவிட்டு அவனே கயிற்றை விட்டுவிட்டான்.

அவன் என்ன சொன்னான் என்று உன் அப்பாவிடம் நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதே இல்லை. கழுதையைத்தான் சொன்னோம். கழுதையைச் சொன்னால் அங்கே போகாமலே அங்கே போய்வரலாம்.

நீ ஆற்றில் என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது. உன் அப்பாவைவிட இறுக்கமாகக் கயிற்றைப் பிடித்த ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அவர் பிடித்ததும் போதவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

மாமா


ஆகஸ்ட் 11

மச்சானுக்கு,

அக்காவின் காலும் உங்கள் உடம்பும் தேவலையா?

வாண்டுக்கு எழுதியதைக் கடையில் வைத்துப் படித்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெயின்ட் கேட்டு வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று கொடுக்கவில்லை. மறுநாளும் கொடுக்கவில்லை. போன வாரம்தான் அவன் அறை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அவன் கடைக்கு வந்தான். வீட்டை விட்டு வெளியே வந்ததே அன்றுதான். ஒரு கிழவிக்கு நான் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். அவள் போகும் வரை நின்றான். பிறகு கவுண்டரின் மேல் இருந்த என் கையை எடுத்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். மற்றக் கையையும் பார்த்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. "சாப்பிட்டியா?" என்றுதான் வந்தது. "ம்" என்றான்.

உங்களிடம் வர வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினான். தனியாக வருகிறான். வியாழக்கிழமை பஸ். நான் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாமென்று தலையசைத்துவிட்டான்.

பாட்டுக்காரன் சொன்னதை நீங்கள் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். "போதும்டா, வலிக்கப் போகுது" என்றான்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 3

அன்புத் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும்,

வாண்டு நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சாப்பிடுகிறான், குளிக்கிறான், அத்தைக்குக் காய் நறுக்கித் தருகிறான். கூட்டத்துக்கு நான் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று மேஜருக்கு எழுதிவிட்டேன்.

வந்த புதிதில் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே டயர் கடைக்காரன் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். போன திங்கட்கிழமை மத்தியானம், உன் அண்ணி சந்தைக்குப் போயிருந்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தான். வாயசைக்க ஆரம்பித்தான். என்னிடம் யாராவது பேசினால் எழுதிக்காட்ட ஒரு சிலேட்டு வைத்திருக்கிறேன் இல்லையா, அதை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் அதை மெல்ல ஓரமாகத் தள்ளி வைத்தான். பேசிக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவன் ஏன் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தான் என்று.

தரையில் கிடந்த வெயில் சுவர் ஏறிப் போகும் வரை பேசினான். நடுவில் ஒரு தடவை சிரித்தான். கூட்டாளியைப் பற்றியதாக இருக்கும். பிறகு கத்தியிருக்கிறான், கழுத்து நரம்பு புடைத்ததில் தெரிந்தது. டயர் கடைக்காரன் பதறிக்கொண்டு மாடியேறி வந்து வாசலில் நின்றான். நான் கையைக் காட்டினேன், இறங்கிப் போய்விட்டான். நான் தலையாட்டவில்லை. எதற்கு ஆட்டுவது என்று எனக்குத் தெரியாதே. அவன் மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மேசையில் தலையைச் சாய்த்து அழுதான். பிறகு அங்கேயே தூங்கிப்போனான்.

மறுநாள் காலை டயர் கடைக்காரன் மேலே வந்தான். கண் சிவந்திருந்தது. என் சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். வாண்டு சொன்னதை எனக்கு எழுதிக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு நல்ல மனசு. ஒரு வரி எழுதுவதற்குள் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, படிக்காமல் துடைத்துவிட்டேன்.

இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமா என்று வாண்டு சிலேட்டில் எழுதிக் கேட்டான். உனக்கு எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் இரு என்றேன்.

தங்கச்சி, நீ பெற்றவள். அந்த நாளில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நீ துடிப்பாய். அவனாக வந்து சொன்னால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேள். சொல்லாவிட்டால் கேட்காதே. நானும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
அண்ணன்